கணப்பும் சன்னலும்



சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில் ஒரு நாள், நீலகிரியிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதியர் என்னிடம் வந்தனர். கணவருக்கு வயது 38. இரண்டு மாதங்களாக விடாத இருமல், மாலை நேரக் காய்ச்சல், உடல் மெலிவு. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. மருந்து எழுதுவதற்கு முன் வீட்டு நிலையைக் கேட்டறிவது என் வழக்கம். ஒரே அறை கொண்ட வீடு; அதில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வயது முதிர்ந்த மாமியார்.

“உள்ளூர் டாக்டர் சந்தேகப்பட்ட நாளிலிருந்து இவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டேன், டாக்டர். தினமும் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத்தான் கழுவுகிறேன். துணியையும் வேகவைத்துத் துவைக்கிறேன்” என்றார் அந்த அம்மையார்.

“சன்னலைத் திறந்து வைக்கிறீர்களா, அம்மா?” என்று கேட்டேன்.

“குளிருக்கு எப்படித் திறப்பது? மூடித்தான் இருக்கும். ஆனால் இரவு முழுவதும் கணப்பு எரிகிறது. அந்தச் சூட்டில் காற்றிலிருக்கும் கிருமி செத்துப்போய்விடாதா?”

அறிவார்ந்த கேள்வி அது. கொதிநீர் கிருமியைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியும். வெப்பம் தட்டிலிருக்கும் கிருமியைக் கொல்லுமெனில், காற்றிலிருக்கும் கிருமியை ஏன் கொல்லாது? இக்கேள்விக்கு அன்று இரண்டு நிமிடங்களில் அவசரமாக ஒரு விடை கூறினேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். அந்த விடை போதுமானதாக இல்லை என்ற உறுத்தல் இன்றும் எனக்குண்டு. அன்று சொல்லாமல் விட்டதை இன்று இவ்விதழ் வாயிலாக முழுமையாகச் சொல்ல விழைகிறேன்.

வெப்பம் எவ்வாறு கொல்கிறது?

முட்டையின் வெண்கருவை நினைத்துப் பாருங்கள். பச்சையாக இருக்கையில் தெளிந்த நீர்மம். சூடு ஏறியதும் வெளுத்து இறுகிவிடுகிறது. ஆறவைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெண்கருவிலுள்ள புரதங்கள் தம் மடிப்புகள் குலைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறைந்துபோவதே இதற்குக் காரணம். பாக்டீரியாவின் உடலும் பெரும்பாலும் புரதங்களால் இயங்குவதுதான். உணவைச் செரிப்பது, தன்னைப் பழுதுபார்ப்பது, இரண்டாகப் பிரிந்து பெருகுவது ஆகிய எல்லா வேலைகளையும் புரதங்களே செய்கின்றன. போதிய வெப்பம் தாக்கும்போது அப்புரதங்கள் உருக்குலைகின்றன, கிருமியைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு கசியத் தொடங்குகிறது, மரபுப்பொருளும் சிதைகிறது. அதன்பின் அக்கிருமியால் மீள இயலாது.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, வெப்பநிலை மட்டும் போதாது. அவ்வெப்பம் எவ்வளவு நேரம் தாக்குகிறது என்பதும் முக்கியம். கிருமிகள் எல்லாம் ஒரே நொடியில் மடிவதில்லை. பத்து இலட்சம் கிருமிகளில் முதல் சில நிமிடங்களில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்து ஓர் இலட்சம் எஞ்சினால், அடுத்த அதே அளவு நேரத்தில் அந்த ஓர் இலட்சம் பத்தாயிரமாகக் குறையும். இப்படிப் படிப்படியாகத்தான் எண்ணிக்கை இறங்கும். வெப்பநிலை உயர உயர, தேவைப்படும் நேரம் சுருங்கும். பால் பதப்படுத்தும் நிலையங்களில் 63 டிகிரி செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்குவது ஒரு முறை. 72 டிகிரியில் 15 நொடிகள் மட்டும் சூடாக்குவது மற்றொரு முறை. பசுக்களிடமிருந்து பால்வழியே பரவிய காசநோய்க் கிருமியைக் கொல்வதும் இந்த அளவுகளை வகுத்ததன் நோக்கங்களில் ஒன்றாகும்.

இரண்டாவது, நாம் ‘சூடு’ என்று உணர்வதும் கிருமிக்குச் சூடாக இருப்பதும் வேறு வேறு. காசநோய்க் கிருமி நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் செழித்து வளர்வது. கணப்பருகே நமக்கு இதமாக இருக்கும் 25 அல்லது 30 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே அன்று. கத்திரி வெயிலில் வேலூரில் 42 டிகிரி கொளுத்தும்போதும், அறைக் காற்றின் வெம்மையால் மட்டும் அது மடிந்துவிடாது. நாம் வாழக்கூடிய எந்த வெப்பநிலையும் அதனால் தாங்கக்கூடியதே.

ஈரச் சூடும் உலர்ந்த சூடும்

நம் சமையலறையே இதற்கு நல்ல சான்று. இட்லிக் கொப்பரையின் ஆவியில் மாவு பத்து நிமிடங்களில் வெந்துவிடுகிறது. அதே மாவை அதே 100 டிகிரி வெப்பமுள்ள உலர்ந்த காற்றில் வைத்தால் பத்து நிமிடங்களில் மேல்தோல் காயுமேயன்றி உள்ளே வேகாது. நீராவி ஒரு பொருளின்மீது பட்டுக் குளிர்ந்து நீராகும்போது, தன்னுள் அடங்கியிருந்த பெருமளவு வெப்பத்தை அப்பொருளுக்குக் கொடுத்துவிடுகிறது. அத்துடன், ஈரம் சேர்ந்த புரதம் உலர்ந்த புரதத்தைவிட எளிதில் உறைகிறது.

காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக், அதற்கு முந்தைய ஆண்டிலேயே பெர்லினில் தம் உடன்பணியாளர்களுடன் இதனை ஆராய்ந்திருந்தார். சில பாக்டீரியாக்கள் நெருக்கடி வரும்போது கெட்டியான உறையுடைய வித்துகளாக மாறிவிடும். அத்தகைய வித்துகளைச் சூடான உலர்காற்றால் கொல்ல 140 டிகிரியில் மூன்று மணி நேரம் தேவைப்பட்டது; நீராவியோ மிகக் குறைந்த வெப்பத்தில், மிகக் குறைந்த நேரத்தில் அவ்வேலையை முடித்தது. இன்று நம் அறுவை அரங்கின் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடங்கள் வைத்துத் தூய்மை செய்கிறோம். உலர்ந்த சூட்டில் செய்வதாயின் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஆகிறது.

ஆக, கணப்பின் சூடு மூன்று வகையிலும் தோற்றுப்போகிறது: வெப்பநிலை போதாது, நேரம் போதாது, ஈரமும் இல்லை.

காற்றைக் காய்ச்ச முடியுமா?

முடியும், அதைச் செய்து காட்டியவர்களும் உண்டு. 1837-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான், கொதிக்கவைத்த இறைச்சிச் சாற்றுக்குள் நன்கு சூடேற்றிய குழாய் வழியே வந்த காற்றை மட்டும் செலுத்தினார், சாறு கெடவில்லை. 1860-களின் தொடக்கத்தில் பிரான்சில் லூயி பாஸ்டர், பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் குழாய் வழியே காற்றைச் செலுத்தி, அதனை ஆறவைத்துக் குடுவைக்குள் விட்டார். அங்கும் எதுவும் முளைக்கவில்லை. காற்றில் மிதந்துவரும் உயிர்களை வெப்பம் அழிக்கும் என்பதற்கு இவை மறுக்கவொண்ணாச் சான்றுகள்.

ஆனால் அக்குழாய் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். பாலைப் போலக் காற்று ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சூடான குழாயை அது நொடிப்பொழுதில் கடந்துவிடும். அந்த ஒரு நொடிக்குள் கிருமி மடிய வேண்டுமானால் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிகளைத் தொட வேண்டும். பின்னர் அக்காற்றை நாம் சுவாசிப்பதற்கு ஏற்ப ஆறவைக்கவும் வேண்டும். ஒரு குடுவைக்கு இது எளிது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஒரு சிறிய அறையிலேயே ஆயிரம் கன அடி காற்று உள்ளது. அங்கே நோயாளி இருமுந்தோறும் புதிய கிருமிகள் வந்து கலந்துகொண்டே இருக்கும். அவ்வளவு காற்றையும் மீண்டும் மீண்டும் காய்ச்சி ஆறவைப்பது வீட்டில் நடவாத செயல்.

பாஸ்டரின் மற்றொரு சோதனையே எனக்கு மிகவும் பிடித்தது. 1860-இல் அவர் கொதிக்கவைத்து மூடிய குடுவைகளை எடுத்துக்கொண்டு மலையேறினார். ஜுரா மலையடிவாரத்தின் வெளியிடத்தில் 20 குடுவைகளைத் திறந்து மூடினார். 8 குடுவைகளில் கிருமி வளர்ந்தது. 850 மீட்டர் உயரத்தில் 20 குடுவைகளைத் திறந்தார், 5 கெட்டன. ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றின் அருகே 2000 மீட்டர் உயரத்தில் 20 குடுவைகளைத் திறந்தார். ஒன்று மட்டுமே கெட்டது. அங்கே காற்றை எவரும் காய்ச்சவில்லை. பரந்த வெளியில் கிருமிகள் சிதறி, நீர்த்துப்போயிருந்தன, அவ்வளவுதான். நீலகிரியின் உயரமும் ஏறத்தாழ அதே 2000 மீட்டர். அத்தகைய காற்று சன்னலுக்கு வெளியே காத்து நிற்க, நாம் அதனை உள்ளே விட மறுத்துக் கரியை எரித்துக்கொண்டிருக்கிறோம்.

சன்னல் செய்யும் வேலை

காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் நொடியில் உலர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவேயுள்ள துகள்களாகின்றன. அவை தரையில் விழுவதில்லை, மணிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றை மூச்சோடு உள்ளிழுப்பவருக்கே நோய் தொற்றுகிறது. எனவே நம் பணி அவற்றைக் கொல்வதுகூட அன்று; அறையைவிட்டு வெளியேற்றினாலே போதும். வெளியே சென்ற துகள் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். அங்கே கதிரவனின் புற ஊதாக் கதிர்களும் அதனைத் தாக்கும். வெயில் கிருமியைக் கொல்வது முதன்மையாக இக்கதிர்களால்தான். மூடிய சன்னலின் கண்ணாடி அக்கதிர்களில் வலிமை மிக்கவற்றைத் தடுத்துவிடும் என்பதையும் அறிந்துகொள்க.

ஓர் அறையின் காற்று மணிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே இதில் அளவுகோல். மணிக்கு 2 முறை மட்டுமே காற்று மாறும் அறையில், நோயாளி வெளியேறிய பின்னும், மிதக்கும் துகள்களில் நூற்றுக்கு 99 பங்கு நீங்க 138 நிமிடங்கள் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடங்கள். 12 முறை மாறினால் 23 நிமிடங்கள் போதும். பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் நடைபெற்று 2007-இல் வெளியான ஆய்வொன்று என் எண்ணத்தையே மாற்றியது. சன்னல்களையும் கதவுகளையும் நன்கு திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியது. பெரும் பொருட்செலவில் இயந்திரக் காற்றோட்டம் அமைத்த அறைகளுக்கான அளவோ 12 தான். 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் அகன்ற சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே புதியவற்றைவிடச் சிறந்து விளங்கின. நம் பாட்டன்மார் கட்டிய முற்றமும் எதிரெதிர்ச் சன்னல்களும் கொண்ட வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

நன்மை என்றெண்ணிச் செய்யும் பிழைகள்

கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். அன்பினால் செய்யப்படும் சில செயல்கள் தீங்காக முடிவதை நாள்தோறும் காண்கிறேன்.

மூடிய அறையில் கரிக் கணப்பை எரிப்பது அவற்றுள் முதன்மையானது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளியாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மலைப்பகுதிகளில் குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாமற்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். நுரையீரல் ஏற்கெனவே நலிந்தவருக்கு அந்த இடர் இன்னும் கூடுதல்.

சாம்பிராணிப் புகையும் கற்பூரப் புகையும் காற்றிலுள்ள காசநோய்க் கிருமியை ஒழிப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலைத்தான் சுருக்குகின்றன. ஆவி பிடிப்பது அடைத்த மூக்குக்குச் சற்று இதமளிக்கலாம். ஆனால் அந்தச் சூடு தொண்டையைத் தாண்டுவதற்குள் தணிந்துவிடும். நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் அளவு வெப்பம் அங்கே சென்றால், முதலில் வேகுவது நுரையீரலாகத்தான் இருக்கும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நான் கண்டிருக்கிறேன். சிறு குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம்.

வீட்டில் நாம் பொருத்தும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. இருமும் ஒருவருடன் ஏசி அறையில் சன்னலை மூடிக்கொண்டு உறங்குவது, அவர் விட்ட மூச்சை இரவு முழுவதும் பங்கிட்டுக்கொள்வதாகும்.

வெப்பத்துக்கு உரிய இடம்

இவ்வாறு கூறுவதால் வெப்பத்தைப் பழிப்பதாக எண்ணிவிடாதீர்கள். உரிய இடத்தில் அது உற்ற துணை.

பாலைப் பொங்கக் காய்ச்சியே பருகுங்கள். நோயாளியின் சளியை மூடியுள்ள கிண்ணத்தில் சேகரித்துக் கொதிக்கவைத்தோ, மருத்துவமனை தரும் கிருமிநாசினியைக் கலந்தோ அப்புறப்படுத்துங்கள். நெபுலைசரிலும் சுவாசக் கருவிகளின் ஈரமூட்டும் கலத்திலும் குழாய்நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். நெபுலைசருக்கு மருத்துவர் குறித்த மருந்தும், தேவையெனில் மருந்தகத்தில் கிடைக்கும் கிருமிநீக்கிய உப்புநீரும் மட்டுமே சேரலாம். ஈரமூட்டும் கலத்துக்குச் செவிலியர் சொல்லும் நீரையே பயன்படுத்துங்கள். பயன்படுத்தியபின் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெடித்த நிமோனியாவுக்குக் காரணமான லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, வெதுவெதுப்பான நீரில் பெருகி, அந்நீர் சாரலாகும்போது காற்றில் ஏறி நுரையீரலைத் தாக்குவது. அந்நீரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருந்தால் அது மடிந்துவிடும். காற்றில் கலப்பதற்கு முன்பே நீரிலேயே அதனை அழித்துவிடுகிறோம். கிருமி காற்றில் ஏறுவதற்கு முன்னர்தான் வெப்பத்தின் வேளை. ஏறிய பின்னர் சன்னலின் வேளை.

தட்டைப் பிரிக்காதீர்கள்

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. காசநோய் தட்டினாலோ டம்ளராலோ துணியாலோ பரவுவதில்லை. வழக்கம்போல் சோப்பிட்டுக் கழுவினால் போதும். தட்டைப் பிரிக்கும்போது நாம் கிருமியைப் பிரிப்பதில்லை, மனிதரையே பிரிக்கிறோம். திண்ணையில் தனித்தட்டில் உண்பவர், சில வாரங்களில் மாத்திரையையும் வெறுத்துவிடுகிறார். அதுதான் குடும்பத்துக்கு மெய்யான ஆபத்து.

ஏனெனில் கிருமி காற்றில் ஏறாமலே தடுக்கும் ஆற்றல் மாத்திரைக்குத்தான் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் உலகுக்கு வழிகாட்டிய ஓர் ஆய்வை நடத்தியது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில், நல்ல உணவும் ஓய்வும் அளித்து மருந்து கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்துகொண்டு மருந்து உட்கொண்டனர். 1959-இல் முடிவுகள் வெளிவந்தபோது, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்து மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. நோயாளியை வீட்டைவிட்டு அகற்ற வேண்டியதில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது நம் சென்னையிலிருந்துதான். சரியான மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை வேகமாகக் குறையத் தொடங்குகிறது. ஆனால் நோய் முற்றிலும் நீங்க, வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதங்கள் ஒரு வேளையும் தவறாமல் மருந்துண்ண வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத வகையாயின் காலமும் மருந்துகளும் மாறும். உங்கள் மருத்துவர் அதனை விளக்குவார். பரிசோதனையும் மருந்தும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. சத்துணவுக்கென மாதம் 1000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அதனைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

குளிர் மிகுந்த ஊர்களில் வாழ்வோர் என்ன செய்வது? பகலில் எதிரெதிராக உள்ள கதவையும் சன்னலையும் முழுவதும் திறந்துவையுங்கள். இரவில் ஒரு சாண் அளவாவது திறந்திருக்கட்டும். அறையைச் சூடாக்குவதற்கு மாறாக உடலைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்: கம்பளி, காலுறை, குல்லாய். நோயாளியின் படுக்கை சன்னலருகே, காற்று வெளியேறும் பக்கமாக இருக்கட்டும். கொசுவுக்குச் சன்னலில் வலையடியுங்கள். முதல் சில வாரங்கள் நோயாளி முகக்கவசம் அணிந்து, தனியே உறங்கட்டும். வெயில் வந்ததும் திண்ணையிலோ முற்றத்திலோ எல்லோரும் சேர்ந்தே அமரலாம். அங்கே பேசலாம், சிரிக்கலாம், ஒன்றாக உண்ணலாம்.

என் அறையின் சன்னல்

அன்று அந்த அம்மையாரிடம் இவற்றைச் சுருக்கமாகக் கூறிவிட்டு, “வீட்டுக்குப் போனதும் முதலில் சன்னலைத் திறந்துவிடுங்கள், அம்மா” என்றேன். அவர் தலையசைத்தார். எழுந்து கதவருகே சென்றவர் நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த அறைக்குச் சன்னல் எங்கே, டாக்டர்?”

சன்னல் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால், ஏசியின் குளிர் வெளியேறாதபடி பலகை அடித்து மூடப்பட்டு, அதன்மேல் நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் நூறு பேர் இருமிச் செல்லும் அறை அது. அதில் என்னுடன் அமர்ந்திருந்த செவிலியரும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மாரும் என் நினைவில் வந்தனர். என்னிடம் விடையில்லை. அந்த வாரமே பலகையைப் பெயர்த்தெடுத்தோம். கோடையில் வியர்க்கிறது என்பது உண்மை, வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம்.

எனவே இக்கட்டுரையின் கோரிக்கை உங்களுக்கு மட்டுமானதன்று, எங்களுக்கும் உரியது. குளிரூட்டப்பட்ட காத்திருப்புக் கூடம் மருத்துவமனையின் பெருமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இருமுவோர் காத்திருக்கும் இடத்துக்கு அது பெருமை அன்று. அவர்கள் அமரவேண்டியது திறந்த தாழ்வாரம், மர நிழல், காற்று வீசும் கூடம். கட்டடம் கட்டுவோரும் நிர்வாகிகளும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்களும் கேளுங்கள். “சன்னல் எங்கே, டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. அது எனக்கு ஒரு பெரிய உதவியாக அமைந்தது.

அக்குடும்பத்தினர் அனைவரையும் பரிசோதித்தோம். நான்கு வயது இளைய மகளுக்கு நெஞ்சுக்குள் நெறிகட்டிய காசநோய் தொடங்கியிருந்தது. எந்த இரவில் அது தொற்றியது என்று எவராலும் கூற இயலாது. தந்தையின் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றியிருக்கக்கூடும். ஆகவே தாயின் மீது குற்றம் ஏதுமில்லை என்று அவரிடம் பலமுறை சொன்னேன். தந்தையும் மகளும் ஒன்றாக மருந்துண்டு, ஒன்றாகக் குணமடைந்தனர். மற்றக் குழந்தைக்கும் மூதாட்டிக்கும், நோய் வராமல் காக்கும் தடுப்பு மருந்து அளிக்கப்பட்டது. வீட்டில் இருமல் நோயாளி இருப்பின் மற்றவர்களும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதனைக்கு வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆறாவது மாதத்தின் இறுதியில் அவர்கள் வந்தபோது அந்தச் சிறுமி என் மேசைக்குப் பின்னால் வந்து, திறந்திருந்த சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நானும் அதனைத் திரும்பிப் பார்த்தேன்.

இன்று இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டிலோ நீங்கள் இருக்கும் வார்டிலோ ஒரு சன்னலைத் திறந்துவிடுங்கள். மருந்தை நேரம் தவறாது உட்கொள்ளுங்கள். தட்டுகளை ஒன்றாகவே அடுக்கி வையுங்கள்.